உண்ணாதிருந்த விருந்தாளி

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது எம் முன்னோர் வாக்கு. படைகளைக் கண்டு நடுங்கி, ஊர்விட்டு ஊர் ஓடி, ஈற்றில் கடல் கடந்து இந்தப் பனிதேசத்தில் குடியேறியவர்கள் நாம். அத்தகைய எமது வீட்டிற்குள் ஒரு மலைப்பாம்பு விருந்தாளியாக வந்து, 195 நாட்கள் ஒரு கவளமேனும் உண்ணாமற் கிடந்தது. அதனை உண்ணவைக்க நாம் பட்ட பாட்டையும், அதனால் நாம் அறிந்துகொண்டவற்றையும் எம்மவருடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது மகள்வழிப் பேரன் 2023 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் வாட்டர்லூ நகரிலே பல்கலைக்கழகப் படிப்பை ஆரம்பித்தான். மாணவர் விடுதியில் வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதியில்லை. மகளும் மருமகனும் அப்போதுதான் வீடு மாறிக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஆறு வருடங்களாக அவன் வளர்த்துவந்த பாம்பு, அதன் கண்ணாடிப் பெட்டி, விளக்கு, வெப்பப் பாய், உறைந்த எலிகள் அடங்கிய ஒரு சிறு உறைபெட்டி ஆகியவற்றுடன் ஸ்காபுரோவிலுள்ள எமது வீட்டிற்கு வந்து சேர்ந்தது. அன்று செப்ரெம்பர் 2 ஆம் திகதி, சனிக்கிழமை. எம்மிருவருள் ஒருவருக்குப் பாம்பென்றால் உயிரே போய்விடும். அது யாரென்று இங்கே எழுதுவதற்கு மற்றவரின் சம்மதம் கிடைக்கவில்லை.

பேரன் அதற்கு இட்ட பெயர் நூடில்ஸ். எமது வாயில் அது சுருளன் ஆயிற்று. இந்த இனத்தை இந்நாட்டில் போல் பைதன் என்பார்கள். அச்சமுற்றால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோற் சுருண்டுவிடுவதால் வந்த பெயர் அது. இங்கிலாந்தில் றோயல் பைதன் என்றும், யேர்மனியில் அதே கருத்தில் அரச மலைப்பாம்பு என்றும் அழைப்பர். எமது வன்னிக் காடுகளில் நாம் வெங்கிணாந்தி என்று சொல்லும் பாம்பிற்கு இது தூரத்து உறவு; ஆனால் உருவத்திற் சிறியது. வளர்ந்த ஆண் பாம்பு மூன்று, நான்கு அடிக்கு மேற் போவது அரிது. விஷமில்லை. மேற்கு ஆபிரிக்காவில் கானா, ரோகோ, பெனின் முதலிய நாடுகளின் புல்வெளிகளிலே, எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழித்து இரவில் வெளிவருவது. பெனின் நாட்டின் உவீடா நகரில் இப்பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் உண்டு. புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கல் வைத்து வளர்ந்த எமக்கு இச்செய்தி மட்டும் சிறிது ஆறுதல் அளித்தது.

பேரன் ஒரு கொப்பியும் தந்திருந்தான். எந்த நாளில் எத்தனை கிராம் எலி கொடுத்தான், எப்போது சட்டை உரித்தது, நிறை என்ன என்பவை எல்லாம் அதில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. இறுதி உணவு ஓகஸ்ற் 27. எம்மிடம் வந்த அன்று நிறை 1,520 கிராம். இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு எலி. மிகவும் இலகுவான வேலை என்றுதான் நாமும் எண்ணினோம். பிள்ளைகள் மூவரையும் பேரப்பிள்ளைகள் ஐவரையும் ஊட்டி வளர்த்த எமக்கு, மாதத்தில் இருமுறை உண்ணும் ஒரு சீவனைப் பார்ப்பது ஒரு பெரிய காரியமா?

செப்ரெம்பர் 10 ஆம் திகதி முதல் எலியைக் கொடுத்தோம். அது திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மீண்டும் கொடுத்தோம். இல்லை. அதன் பின் மூன்று நாட்களுக்கு ஒருமுறை கொடுத்தோம். எலியை மூக்கின் முன் ஆட்டினோம், உடலிலே தட்டினோம். அது பந்தாகச் சுருண்டு தலையை ஒளித்துக்கொண்டது. ஒருமுறை உருகிய எலியை மீண்டும் உறையவைத்துக் கொடுத்தல் கூடாது என்று பேரன் எழுதியிருந்தான். எனவே எலிகள் ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போயின.

இதற்கிடையில் நாம் வேறு சில காரியங்களையும் செய்திருந்தோம். அவை பிழையென்று அப்போது எமக்குத் தெரியாது. பெட்டியை வரவேற்பறையில், வாசற்கதவிற்கு அருகில் வைத்தோம். போகும்போதும் வரும்போதும் பாம்பு உள்ளேதான் இருக்கின்றதா என்று பார்ப்பதற்கு அதுவே வசதி. பெட்டிக்குள் அது ஒளிந்திருப்பதற்கு இரண்டு கூடுகள் இருந்தன. இரண்டில் எதற்குள் இருக்கின்றது என்று தெரியாமல் நெஞ்சு படபடத்ததால் ஒன்றை எடுத்துவிட்டோம். இருட்டிலே அது என்ன செய்யுமோ என்ற பயத்தில் விளக்கை இரவிரவாக எரியவிட்டோம். மொத்தத்தில், எமது பயத்திற்கு ஏற்றவாறு அதன் வீட்டை மாற்றி அமைத்தோம்.

ஞாயிறுதோறும் மாலையில் பேரன் தொலைபேசியில் அழைப்பான். முதற் கேள்வி, "நூடில்ஸ் சாப்பிட்டதா?" என்பது. முதல் வாரம், "புது இடம்தானே, பாப்பம்" என்றோம். இரண்டாம் வாரம், "மணந்து பார்த்தது" என்றோம். மூன்றாம் வாரம், "ஓம், சாப்பிட்டது" என்று சொல்லிவிட்டோம். முதலாம் ஆண்டுப் படிப்பு, புதிய ஊர், பிள்ளையின் மனம் கலங்கிவிடக்கூடாது என்பது எமது நியாயம். சொன்ன பின்னர் கொப்பியை எடுத்து ஒரு திகதியை எழுதுவதா விடுவதா என்று இருவரும் யோசித்தோம். எழுதவில்லை. அந்த அளவிலாவது கை கூசியது.

இப்படிப் பொய் சொல்வது எமக்குப் புதிதன்று. 1990 இல் நாம் இங்கு வந்த முதற் பனிக்காலத்தில், ஊரிலிருந்து அம்மா எழுதிய கடிதங்களில் "நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?" என்பது தவறாது இருக்கும். போர்க்காலம், ஒரு கடிதம் சென்று சேர வாரங்களாகும், சிலவேளை மாதங்களாகும். நாம் எழுதிய பதில்கள் எல்லாவற்றிலும், "நாம் இங்கு மிக்க நலம். வேளைக்கு உண்கிறோம்" என்றே இருந்தது. அந்நாட்களில் எமது மூத்த மகளுக்கு நான்கு வயது. வந்த நாள்முதல் அவள் சோற்றைத் தொடவில்லை. நாமும் பசியால் அல்ல, கவலையால் உண்ணாதிருந்தோம். அம்மாவுக்கு அதில் ஒரு வரியும் எழுதவில்லை. அம்மாவும் தான் இடம்பெயர்ந்து பாடசாலையொன்றிலே கிடந்ததை எமக்கு எழுதவில்லை. இரு பக்கமும் நலம் நலம் என்று எழுதிக்கொண்டே ஆண்டுகள் போயின. இதை வாசிக்கும் குடும்பங்களிற் பலவற்றுக்கு இது தெரிந்த கதைதான்.

நவம்பர் பிறந்தது. நிறை 1,450 கிராமுக்கு இறங்கியது. நாம் கேட்டவர்களும் கேளாதவர்களும் ஆலோசனை சொன்னார்கள். கோயிலிற் சந்தித்த ஒரு அம்மையார், வெள்ளிக்கிழமை பால் வைக்கச் சொன்னார். வைத்தோம். சுருளன் அதனுள் வாலை நனைத்துக்கொண்டு போயிற்று. பாம்பு பாலை உணவாகக் கொள்வதில்லை என்பதும், பாலைச் சீரணிக்க அதன் உடலால் இயலாது என்பதும் பின்னரே அறிந்தோம். பிராணிகள் விற்கும் கடையொன்றிலே, வாயைத் திறந்து எலியை உள்ளே தள்ளிவிடுங்கள் என்றார்கள். அதற்கு எமக்குத் துணிவு வரவில்லை. துணிவு வரவில்லையென்றால் உயிருள்ள எலியைப் போடுங்கள், உயிருள்ளதைக் கண்டால் எந்தப் பாம்பும் விடாது என்று சொல்லி ஒரு எலியையும் விற்றார்கள்.

நவம்பர் 12 ஆம் திகதி இரவு அந்த எலியைப் பெட்டிக்குள் விட்டோம். விட்டுவிட்டு, பார்க்கச் சகியாமல் அடுத்த அறையில் இருந்துவிட்டோம். ஒரு மணி நேரத்தின் பின் வந்து பார்த்தபோது பாம்பு மூலையிற் பந்தாகச் சுருண்டு கிடந்தது. எலி அதன் முதுகின்மேல் இருந்தது. செதில்களுக்கு நடுவே விரல்நகம் அளவு ஒரு காயம், இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வேட்டையாடுவதற்கு மனமில்லாத பாம்பு, எலி கடித்தாலும் எதிர்ப்பதில்லை. சுருண்டு, தலையைக் காப்பாற்றிக்கொண்டு, கடியை வாங்கிக்கொண்டிருக்கும். இதனையும் பின்னரே அறிந்தோம்.

அன்றிரவு மகளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னோம். பால், எலி, வாயைத் திறந்து தள்ளும் யோசனை, பேரனிடம் சொன்ன பொய் யாவற்றையும் சொன்னோம். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "என்ர வாயைத் திறந்து தள்ளினது காணாதே அம்மா?" என்றாள்.

அவள் நகைச்சுவையாகவே சொன்னாள். எனினும் எமக்குச் சுருக்கென்றது. 1990 இன் அந்தப் பனிக்காலத்தில் அவளை ஒருவர் மடியில் இறுக்கிப் பிடிக்க, மற்றவர் மூக்கைப் பொத்திச் சோறு ஊட்டினோம். அவள் துப்பினாள். அடுத்த வேளை அதற்கும் மேலாகத் துப்பினாள். குழந்தை பட்டினியில் இறந்துவிடுமோ என்ற பயத்திலேயே செய்தோம். அவள் அதை மறந்திருப்பாள் என்று முப்பத்து மூன்று வருடங்களாக நினைத்திருந்தோம்.

நவம்பர் 14 ஆம் திகதி மிருக வைத்தியரிடம் சென்றோம். எல்லா மிருக வைத்தியரும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. தொலைபேசியிற் கேட்டு, பார்ப்பவரைத் தேடிப் பிடித்தாள் மகள். குளிர்காற்றுப் படாமல், ஒரு தலையணை உறையுள் பாம்பை விட்டு முடிந்து, நாம் மீன் வாங்கச் செல்லும் குளிர்காப்புப் பெட்டியினுள் வைத்து எடுத்துச் சென்றோம். அந்தப் பெட்டி அதன்பின் மீனுக்குப் பயன்படவில்லை.

வைத்தியர் ஒரு இளம் பெண். முதலிற் காயத்தைச் சுத்தஞ் செய்து மருந்திட்டார். பின் வாயை மெல்லத் திறந்து, ஈறு சிவந்திருக்கின்றதா, சீழ் கட்டியிருக்கின்றதா என்று பார்த்தார். மூச்சிலே இரைச்சல் உண்டா, மூக்கில் நுரை உண்டா என்று கவனித்தார். செதில்களின் இடுக்கில் உண்ணிகளைத் தேடினார். வயிற்றை விரல்களால் நீளத்திற்குத் தடவி, கட்டியேதும் தட்டுப்படுகின்றதா என்று பார்த்தார். புழுக்களைச் சோதிப்பதற்காக மலமாதிரி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். நிறை 1,440 கிராம். எங்கே வைத்திருக்கிறீர்கள், எத்தனை பாகை வெப்பம், எத்தனை நாளுக்கு ஒருமுறை தொடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். நாம் ஒளிக்காமற் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "இது நோயாளியாகத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் இதற்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை" என்றார்.

அவர் விளக்கியதை வாசகர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே தருகின்றோம்.

பாம்பின் உடலுக்குச் சொந்தமாகச் சூடில்லை. வெளியிலிருந்து பெறும் சூட்டினாலேயே அது உணவைச் சீரணிக்கின்றது. சூடு போதாவிட்டால் விழுங்கிய இரை உள்ளேயே அழுகிவிடும், அல்லது வெளியே வந்துவிடும். ஆகவே குளிரில் உண்ணாதிருப்பது அதற்குத் தற்காப்பு. இந்த இனத்திற்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை வரையும், மற்றப் பக்கம் 25 முதல் 27 பாகை வரையும் இருத்தல் வேண்டும். எமது பெட்டியில் வெப்பச் சீராக்கியின் உணர்கம்பி இடம் நழுவி வெப்பப் பாயின்மேலேயே விழுந்து கிடந்தது. மானி 32 காட்டிற்று. பாம்பு படுத்திருந்த இடத்திலோ 26 பாகைதான். வாசற்கதவு திறக்கும்போதெல்லாம் அதுவும் இறங்கியிருக்கும்.

அடுத்தது, ஒளிவிடம். வளைக்குள் வாழும் பிராணிக்குத் திறந்தவெளி என்பது ஆபத்து. சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக, உடல் சுவரில் முட்டும் அளவிற்கு இறுக்கமான இரு கூடுகள் வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டால், சூடா மறைவா என்று அது ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டியதாகிவிடும். இரவிலே விளக்கு எரிந்தால் அதற்கு இரவென்பதே இல்லை. இங்குள்ள பனிக்காலத்தில் ஹீற்றர் காற்று வீட்டை உலர்த்திவிடுவதால் ஈரப்பதனையும் கவனிக்கவேண்டும். 60 வீதமளவில் இருப்பது நல்லது.

மூன்றாவது, காலம். வளர்ந்த ஆண் பாம்புகள், குளிர்ந்த மாதங்களான இனப்பெருக்கப் பருவத்தில், எக்குறையும் இல்லாவிட்டாலும் உண்பதை நிறுத்துவதுண்டு. மாதக்கணக்கில் நிறுத்தும். சட்டை உரிக்கப்போகும் நாட்களிலும், கண்கள் பால்படர்ந்தாற்போல் நீலமாகும்போது, உண்ணாது. இடமாற்றமும் இதனுடன் சேர்ந்தால் நோன்பு நீளும்.

நான்காவது, எல்லை. பட்டினியைக் கண்ணால் அளக்காமல் தராசினால் அளக்கவேண்டும். உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டவேண்டும். சுருளனுக்கு அந்த எல்லை 1,368 கிராம். முதுகெலும்பு கூர்மையாகத் துருத்திக்கொண்டு நின்றாலும், வாயைத் திறந்து மூச்சு விட்டாலும், நிறையைப் பாராமலே கொண்டுபோக வேண்டும். குட்டிப் பாம்புகளுக்கு இவ்வளவு சேமிப்பு இல்லாததால் அவற்றிற்கு இத்தனை காலம் காத்திருத்தல் ஆகாது.

வாயைத் திறந்து தள்ளும் வழியைப்பற்றிக் கேட்டோம். உணவுக்குழாய் கிழியலாம், பயத்தினால் உண்டதையும் கக்கலாம், அதன்பின் உணவையே பகையாகக் கருதலாம், வேறு வழியற்ற நிலையில் வைத்தியர் கையாளவேண்டிய முறை அது என்றார். எமது மகள் பக்கத்தில் இருந்து எம்மைப் பார்த்தாள். நாம் சுவரைப் பார்த்தோம்.

ஒரு பிராணி இத்தனை மாதம் உண்ணாமல் எவ்வாறு உயிர்வாழும் என்று நாமும் வியந்தோம். எமது உடல் தன் சூட்டைக் காப்பதற்கே உண்ட உணவின் பெரும்பகுதியை எரிக்கின்றது. பாம்புக்கு அச்செலவு இல்லை. பர்மிய மலைப்பாம்புகளை 1990 களில் ஆராய்ந்தவர்கள், உணவற்ற காலத்தில் அவற்றின் குடல் சுருங்கி ஓய்வெடுப்பதையும், உண்ட ஓரிரு நாட்களிலேயே மீண்டும் பருத்து வேலைசெய்வதையும் கண்டறிந்தார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, விருந்து வரும்போது மட்டும் மூட்டும் சமையலறை போன்றது அது.

அன்று மாலையே பெட்டியை வரவேற்பறையிலிருந்து அகற்றி, ஆட்புழக்கமில்லாத பின்னறையில் வைத்தோம். எடுத்த கூட்டைத் திரும்ப வைத்தோம். மூன்று பக்கத்தையும் பழைய சேலையொன்றினால் மறைத்தோம். உணர்கம்பியை ஒட்டினோம், இரு பக்கத்திற்கும் தனித்தனி வெப்பமானி வாங்கினோம். விளக்கு இரவில் அணைந்தது. சமையலறைத் தராசில் பாம்பை நிறுப்பதை நிறுத்தி, அதற்கென ஒரு தராசு வாங்கினோம். ஊர்வனவற்றில் சல்மொனெல்லா என்னும் கிருமி இருக்கலாமாகையால், தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவவேண்டும். எம்மைப் போன்ற முதியோரும் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளும் இதில் மிகக் கவனமாக இருத்தல் வேண்டும்.

மறுநாள், ஞாயிறு வருமுன்னரே பேரனை நாமே அழைத்தோம். பொய் சொன்னதையும், எலி கடித்ததையும் சொன்னோம். அவன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கோபித்துவிட்டான் என்றே நினைத்தோம். பின்னர், "அம்மம்மா, நானும் ஒண்டு சொல்லோணும். நானும் இங்க ஒழுங்காச் சாப்பிடுறேல்ல" என்றான். விடுதி உணவு பிடிக்கவில்லை. உணவறையில் தனியே போய் இருக்க வெட்கம். ஒரு வேளை பாண், ஒரு வேளை பொதி நூடில்ஸ். பன்னிரண்டு இறாத்தல் நிறை குறைந்துவிட்டதாம். ஒவ்வொரு ஞாயிறும் நாமும் அவனிடம், "சாப்பிட்டியா அப்பன்?" என்று கேட்டுத்தான் வந்தோம். அவனும் "ஓம்" என்றுதான் சொல்லிவந்தான்.

அந்தச் சனிக்கிழமை மகள் அவனிடம் போனாள். அவள் புட்டும் கறியும் கட்டி எடுத்துச்சென்றாள். ஆனால் "சாப்பிடு, சாப்பிடு" என்று சொல்லவில்லை என்று பின்னர் எமக்குச் சொன்னாள். அவனுடன் உணவறைக்குப் போய், அருகில் இருந்து தானும் சாப்பிட்டுவிட்டு வந்தாளாம். அடுத்த வாரம் அவனது தளத்திலிருந்த வேறொரு மாணவன் அவனுடன் உணவறைக்குச் செல்லத் தொடங்கினான். அவன் எதியோப்பியக் குடும்பத்துப் பிள்ளை. அவனும் அதுவரை தனியே அறைக்குள் உண்டவன்தான்.

சுருளனோ உடனே மனம் மாறவில்லை. இரு வாரம் எதுவும் கொடாமல், தொடாமல் விடும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். அதுவே மிகவும் கடினமான வேலையாக இருந்தது. கொடுக்காமலிருக்க எமக்குத் தெரியாது. அதன்பின் பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை மட்டும் கொடுத்தோம். டிசெம்பரில் இரண்டு முறை மறுத்தது. விடுமுறையில் வந்த பேரன் கொடுத்தபோதும் மறுத்தது. நாம் அவனிடம் வருந்தினோம். அவன் பெட்டியின் முன் தரையில் அமர்ந்து பார்த்துவிட்டு, "பசிக்கேக்க சாப்பிடும். இப்ப நிம்மதியா இருக்கு, தெரியுதுதானே?" என்றான். உண்மைதான். அது பந்தாகச் சுருளாமல், கூட்டின் வாசலில் தலையை மட்டும் வைத்துக்கொண்டு கிடந்தது.

ஜனவரி 2024 இல் கண்கள் நீலமாகி, பத்து நாட்களின் பின் சட்டையை ஒரே துண்டாக உரித்தது. முழுத்துண்டாக உரிவது உடல்நலத்திற்கும் ஈரப்பதனுக்கும் நல்ல சான்று. முதுகுக் காயத்தின் இடத்தில் ஒரு சிறு மடிப்பு மாத்திரமே எஞ்சியிருந்தது. நிறை ஜனவரி நடுப்பகுதியில் 1,425, பெப்ரவரியில் 1,415, மார்ச் தொடக்கத்தில் 1,405. இப்போது கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினோம். "மறுத்தது" என்று எழுதுவதற்குக் கை கூசவில்லை.

மார்ச் 9 ஆம் திகதி, சனிக்கிழமை இரவு. வழமைபோல், எலியை முதல்நாளே குளிர்ப்பெட்டியில் உருகவிட்டு, பையுடன் சுடுநீரில் அமிழ்த்தி, உயிருள்ள எலியின் சூட்டிற்கு, அதாவது 38 பாகைக்குச் சற்று மேலே கொண்டுவந்தோம். இப்பாம்பின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உள்ளன. குளிர்ந்த எலி அதற்குக் கல்லுக்குச் சமம். ஈரத்தைத் துடைத்தோம். அறை விளக்கை அணைத்து, நடைபாதை வெளிச்சத்தை மட்டும் விட்டோம். நீண்ட இடுக்கியாற் பிடித்து, கூட்டின் வாசலுக்கு ஒரு சாண் தூரத்தில் அசையாமல் வைத்தோம். மூக்கில் தட்டவில்லை. ஆட்டவில்லை.

நாக்கு வெளியே வந்தது. மீண்டும் வந்தது. தலை மெல்ல உயர்ந்து, கழுத்து வளைந்தது. பாம்பென்றால் உயிர் போய்விடும் என்ற எம்மில் ஒருவர்தான் அன்று இடுக்கியைப் பிடித்திருந்தவர். ஒரு நொடி. இடுக்கி கையிலிருந்து பறிபோன பின்னரே பாம்பு பாய்ந்ததை அறிந்தோம். இரையை இரு சுற்றாகச் சுற்றி இறுக்கிக்கொண்டு அப்படியே கிடந்தது. நாம் பின்வாங்கி, கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றோம். இருபது நிமிடங்களில் எலியின் வாலும் மறைந்தது. அதன்பின் கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பெரிதாகத் திறந்து மூடி, தாடைகளைச் சரிசெய்துகொண்டு, கூட்டினுள்ளே போயிற்று. உண்ட பாம்பை இரு நாட்களாவது தொடல் ஆகாது. ஆகவே அதைத் தடவிக்கொடுக்கவேண்டும் என்று முதன்முறையாக எமக்கு எழுந்த ஆசையை அடக்கிக்கொண்டோம்.

நள்ளிரவாகியும் பேரனை அழைத்தோம். "சாப்பிட்டது" என்றோம். "உண்மையாவோ?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நாம் தகுதியானவர்களே. வெறுமையான இடுக்கியையும் கொப்பியில் எழுதிய வரியையும் படமெடுத்து அனுப்பினோம். அவன் பதிலுக்கு ஒரு படம் அனுப்பினான். விடுதிச் சமையலறையில் அவனும் அந்த எதியோப்பியப் பிள்ளையும் ஒரு பாத்திரத்தில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார்கள். சோறு குழைந்துவிட்டதாம்.

சுருளன் இன்றும் எமது பின்னறையிலேயே இருக்கின்றது. ஒவ்வொரு பனிக்காலத்திலும் சில வாரங்கள் உண்ணாமல் இருந்துவிட்டு, வசந்தத்தில் தானே தொடங்குகின்றது. இவ்வினம் நன்றாகப் பேணப்பட்டால் 20, 30 ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் சென். லூயிஸ் மிருகக்காட்சிச்சாலையில் 60 வயதைக் கடந்த ஒரு பெண் பாம்பு 2020 இல் முட்டையிட்டது. ஆகவே இது எமக்குப் பின்னும் இருக்கும். கொப்பியைத் தொடர்ந்து எழுதவேண்டியவர்கள் பிள்ளைகள்தான்.

எம்மவர் வீடுகளிலும் இன்று பிள்ளைகள் பலவித பிராணிகளை வளர்க்கின்றார்கள். அவர்கள் படிப்புக்கும் தொழிலுக்கும் வெளியேறும்போது அப்பிராணிகள் எம்மிடமே எஞ்சுகின்றன. உங்கள் வீட்டில் ஒரு பாம்பு உண்ண மறுத்தால், முதலிற் சூட்டைப் பாருங்கள், பின் மறைவிடத்தைப் பாருங்கள், பின் தராசைப் பாருங்கள். ஐயமிருந்தால் ஊர்வன பார்க்கும் வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். உயிருள்ள எலியை விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகாதீர்கள். பாலை நாகதம்பிரானுக்கு வையுங்கள்.

தொலைபேசியில் பிள்ளை "சாப்பிட்டேன்" என்று சொன்னால், என்ன சாப்பிட்டாய், யாருடன் சாப்பிட்டாய் என்று இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். நாமும் இப்போது அப்படித்தான் கேட்கின்றோம். அவனும் எம்மிடம் அப்படியே திருப்பிக் கேட்கின்றான்.